கயிற்றில் இறங்கும் பயம்

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்க்கிற ஆட்களை நமக்குத் தெரியும். அவள் பேருந்தில் ஏறி, டிக்கெட்டும் வாங்கி, இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு இறங்கித் திரும்பி வருகிற ரகம். 'அடுப்பை அணைச்சேனா, அணைச்சேனா' என்று அவள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கணவர், 'அணைத்தாயிற்று' என்று ஓர் அட்டையில் எழுதி, அணைத்த கையோடு அதைச் சமையலறைக் கதவில் மாட்டச் சொன்னார். மாட்டினாள். தொங்குவது இன்றைக்கு மாட்டியதா, நேற்றைக்கு மாட்டியதை எடுக்க மறந்துவிட்டோமா என்று மறுநாளே அடுத்த சந்தேகம் வந்துவிட்டது. அவர் அதோடு அந்த விஷயத்தைக் கைகழுவிவிட்டார்.

அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். முதுகுக்குப் பின்னால் ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள் கூச்சல் போட்டாலும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரே வேகத்தில் ஓட்டிக்கொண்டு போவார். படுத்தால் அடுத்த நொடி குறட்டை. "இந்த வீட்டுக்கு வேண்டிய கவலையை எல்லாம் நீயே பட்டு முடிச்சிடுறே. எனக்குன்னு எங்கே மிச்சம் வைக்கிறே?" என்பார். அவளுக்குச் சில நாள் சிரிப்பு வரும், பல நாள் எரிச்சல் வரும்.

அவளுக்கு ஓர் அண்ணன். மூன்று தெரு தள்ளி, கொல்லைக் கதவைத் திறந்தால் ஆறு என்கிற மாதிரி வீடு. இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிகிற தங்கைக்குப் 'பயந்தாங்கொள்ளி' என்று பெயர் வைத்தவன் அவன்தான். அவளுக்கு நரை விழுந்த பிறகும் அந்தப் பெயரை விடவில்லை. வாசலில் நின்று "பயந்தாங்கொள்ளி இருக்காளா?" என்று அவன் குரல் கொடுத்தால், அவள் கணவர் "உள்ளதான் பயந்துக்கிட்டு இருக்கா, வாங்க மச்சான்" என்பார். இரண்டு பேரும் அவளை வைத்துக்கொண்டே சிரிப்பார்கள்.

இப்படிப்பட்ட ஒருத்தியை எந்த வேலைக்கு வைப்பது? ஆற்றுக்குக் காவல் வைத்தார்கள். யோசித்துப் பார்த்தால் அதைவிடப் பொருத்தமான வேலை அவளுக்குக் கிடைத்திருக்காது.

அணைக்குக் கீழே ஆறு ஏற்கெனவே கைவிட்டுப் போய்விட்டது. கோடுச் சிப்பி என்று இங்கே எல்லாரும் சொல்கிற ஒரு சிப்பி. விரல் நகம் அளவுதான் வளரும், முதுகில் பழுப்புக் கோடு. எங்கோ தூரத்துத் தண்ணீரில் பிறந்து, கப்பல் அடியில் ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. வந்த இடத்தில் அதைத் தின்ன ஆளில்லை. பாறை, மதகு, குழாய் என்று அகப்பட்டதில் எல்லாம் அடை அடையாக அப்பிக்கொண்டது. கீழே இருக்கிற ஊரில் குடிதண்ணீர்க் குழாயைக் கழற்றினால் உள்ளே ஒரு பென்சில் நுழைகிற இடம்தான் மிச்சம். மீன் தின்ன வேண்டியதை எல்லாம் இது உறிஞ்சித் தின்றுவிட, மீன்பிடிக்கப் போனவர்கள் வலை நிறையச் சிப்பியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அணைக்கு மேலே மட்டும் இன்னும் வரவில்லை. வந்துவிட்டால் எடுக்கவே முடியாது என்பதை அவள் வேலை பார்க்கிற ஆபீசில் எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார்கள்.

அணையை ஒட்டி, சாலை ஓரத்தில் அவர்களுடைய செக்போஸ்ட். ஒரு தகரக் கொட்டகை, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் அடிக்கிற ஒரு பம்பு, படகுகளை டிரெய்லரோடு நிறுத்த ஒரு சிமெண்ட் முற்றம். மேல் ஆற்றுக்குப் புதிதாகப் போகிற எந்தப் படகும் இங்கே வந்து சோதனை முடித்து, பச்சைக் கம்பி முத்திரை வாங்கிக்கொண்டுதான் தண்ணீரைத் தொட வேண்டும். சோதிக்கிறவன் மூக்கன்.

மூக்கன் பழுப்பு நிற நாய். குட்டைக் கால், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். சிப்பிக் குஞ்சு எள் அளவு இருக்கும்போதே, மனிதக் கண்ணுக்குத் தட்டுப்படாத இடுக்கில் இருந்தாலும், மோப்பம் பிடித்துவிடப் பழக்கப்பட்டவன். நீளக் கயிற்றின் ஒரு முனை அவன் கழுத்தில், மறுமுனை அவள் கையில். டிரெய்லருக்கு அடியில், படகுக்கு அந்தப் பக்கத்தில் எல்லாம் புகுந்து போகும்போது அவன் அவள் கண்ணுக்குத் தெரிய மாட்டான். அதற்காகக் கழுத்துப் பட்டையில் ஒரு மணி கட்டியிருந்தார்கள். மணி சத்தம் கேட்கிற வரை நடக்கிறான் என்று அர்த்தம். வாசனை வந்தால் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவான், மணி நின்றுவிடும். உட்கார்ந்து கொடுத்ததற்குக் கூலி ஒரு சிவப்பு ரப்பர் பந்து. அந்தப் பந்துக்காக அவன் என்ன வேண்டுமானாலும் செய்வான்.

ஒவ்வொரு படகும் முற்றத்துக்குள் திரும்பும்போது அவளுக்கு அடிவயிறு பிசையும். இதுவாக இருக்குமோ? இதை விட்டுவிட்டால்? படகோட்டிகள் அவளை 'நாய்க்காரம்மா' என்றார்கள். நாய்க்காரம்மா இருந்தால் பாதி நாள் போய்விடும் என்று பேசிக்கொண்டார்கள். அதில் பொய்யும் இல்லை. நாளாக ஆக மூக்கன் நிறையப் படகுகளுக்கு உட்கார ஆரம்பித்திருந்தான். உட்கார்ந்தால் படகை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

செக்போஸ்ட் ஆபீசர் நல்ல மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். ஒரு நாள் காலையில் முற்றத்தில் ஆறு படகுகளை வரிசையாக நிறுத்திவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"அந்த நீலப் படகு மேல எனக்கு ஒரு சந்தேகம் இருக்கும்மா. பாத்துச் சொல்லுங்க."

மூக்கன் சுற்றி வந்தான். நீலப் படகுக்குப் பக்கத்தில் வந்ததும் மணி நின்றது. நீலத்துக்கு அடுத்து நின்ற படகிலும், பழக்க தோஷமோ என்னவோ, உட்கார்ந்தான். அவள் பெருமையோடு திரும்பிப் பார்த்தாள். ஆபீசர் முகத்தில் ஈயாடவில்லை.

"எதுலயும் ஒண்ணும் இல்லம்மா. ஆறையும் நானே வெந்நீர்ல கழுவி வச்சேன். நான் சும்மா சொன்னதுதான் அந்தச் சந்தேகம்."

அவளுக்குப் புரியவில்லை.

"சந்தேகப்படற படகுகிட்ட வந்ததும் உங்க நடை மெதுவாகுது. மூச்சு நின்னு வருது. கயிறு இறுகுது. உங்களுக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். இங்க உக்காந்தா பந்து கிடைக்கும்னு உக்கார்றான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, மனசில்லாமல் சொன்னார். "அவன் படகை மோந்து பாக்கலம்மா. உங்களை மோந்து பாக்கறான். இன்னும் ஒரு மாசம் பாப்போம். இப்படியே இருந்தா அவனைப் பழக்கின இடத்துக்கே அனுப்பிட வேண்டியதுதான்."

அன்றைக்குச் சாயங்காலம் மூக்கன் வழக்கம்போல வீட்டுச் சோபாவில் ஏறி, அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு தூங்கினான். இவ்வளவு நாளும் இவன் சொன்னது எது, நான் சொல்லவைத்தது எது என்று நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. பொய்யாக உட்கார்ந்ததாவது போகட்டும், ஒரு படகைக் கழற்றிப் பார்த்த கூலிதான் நஷ்டம். இவன் நிஜமாக உட்காரும்போது, இதுவும் என் பயம்தான் என்று நான் விட்டுவிட்டால்? கணவரை எழுப்பிக் கேட்டாள். "அப்படின்னா பயப்படாம இரு" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பயப்படாமல் இருப்பது எப்படி என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒரு வழியைச் செய்தாள். ஒவ்வொரு படகுக்கும் முன்னால் கயிற்றைத் தளரவிடாமல் ஒரு நிமிஷம் நின்று, வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். பயம் இருக்கிறதா? இருந்தது. எல்லாப் படகுக்கும் இருந்தது. மூக்கன் உட்கார்ந்தான், எழுந்தான், பந்துக்கு ஏங்கினான். எதை நம்புவது என்று தெரியாமல் அவள் இளைத்துப்போனாள்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் தன் படகைக் கொண்டு வந்தான்.

அண்ணன் சுத்தக்காரன். சைக்கிள் வைத்திருந்த காலத்தில் சக்கரக் கம்பியைப் பல் துலக்குகிற பிரஷ்ஷால் தேய்த்தவன். ஆற்றில் ஆட்களைச் சவாரி ஏற்றிப் போக வேண்டும் என்று பல வருஷ ஆசை. பழைய படகு ஒன்றை வாங்கி, கோடைக்காலம் முழுக்கக் கொட்டகையில் கவிழ்த்துப் போட்டுக் காயவைத்து, சுரண்டி, வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தான். அவள் வாரா வாரம் போய்ப் பார்த்த படகு. எலும்பு மாதிரி காய்ந்து கிடந்ததைக் கையால் தடவிப் பார்த்திருக்கிறாள். அது முற்றத்துக்குள் திரும்பியபோது, பல மாதத்தில் முதல் தடவையாக, அவளுக்கு வயிறு பிசையவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி உடம்பு லேசாக இருந்தது.

"சீக்கிரம் முத்திரையைப் போடு பயந்தாங்கொள்ளி. முதல் சவாரி நீதான்" என்றான் அண்ணன்.

கயிற்றைத் தளரவிட்டாள். மூக்கன் வெள்ளைப் படகைச் சுற்றிப் போனான். மணி கிணுகிணு என்று பின்பக்கம் போயிற்று. பின்பக்கத்தில் நின்றது.

"என்ன, உன் ஆளுக்குக் கால் வலிக்குதா?" என்று அண்ணன் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. சுற்றிப் போய்ப் பார்த்தாள். எஞ்சினுக்கு நேர் கீழே மூக்கன் உட்கார்ந்திருந்தான். வாலை ஆட்டவில்லை, அவள் முகத்தையும் பார்க்கவில்லை. எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தடவை சுத்த விடு. உன் ஆபீசர்தான் சொன்னாராமே, அது உன் மூஞ்சியைப் பாத்து உக்காருதுன்னு."

"இனிமே விட்டாப் பிரயோஜனம் இல்லண்ணா."

"ஏன்?"

"இப்போ பயந்துட்டேன். அவன் உக்கார்றதுக்கு முன்னாடி எனக்குப் பயமே இல்ல. உன் படகுங்கறதாலதான் இல்ல." அவள் மூக்கனின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டாள். "இவ்வளவு நாள்ல இது ஒண்ணுதான் அவனா உக்காந்தது."

ஆபீசரைக் கூப்பிட்டாள். அவர் வந்து கேட்டது ஒரே கேள்வி: எஞ்சின் எங்கே வாங்கியது? படகு காய்ந்தது சரி, எஞ்சின் போன வாரம்தான் வந்திருக்கிறது. அணைக்குக் கீழே இருக்கிற ஒரு கூட்டாளியிடமிருந்து, சாக்குச் சுற்றி, லாரியில். செக்போஸ்டில் படகைத்தான் நிறுத்துவார்கள், லாரியில் போகிற சாக்கு மூட்டையை யார் பார்த்தார்கள்? வெளிப்பக்கம் முகம் பார்க்கிற மாதிரி துடைத்து வைத்திருந்தான் அண்ணன். ஆபீசர் அடிப்பாகத்தைக் கழற்றினார். எஞ்சின் சூடு தணிய ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சுகிற குழாயிலிருந்து ஒரு கரண்டித் தண்ணீர் வழிந்தது. குழாயின் உள் வளைவில், உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால், எள் மாதிரி நாலைந்து. முதுகில் பழுப்புக் கோடு.

அண்ணன் பேயறைந்த மாதிரி நின்றான். அவள் அந்தக் கரண்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வாரம் வந்த எஞ்சினில் இவ்வளவு ஈரம் மிச்சம் இருக்கக் கூடாதே என்று தோன்றியது.

"அண்ணா. இதை நீ தண்ணியில இறக்கலையே?"

அவன் ஏற்கெனவே பளபளத்த எஞ்சினை மறுபடியும் துடைத்தான்.

"அண்ணா."

"நேத்து சாயங்காலம்" என்றான். "கொல்லைப் பக்கம். கொஞ்ச நேரம்தான். ஸ்டார்ட் ஆகுதான்னு பாத்தேன். இங்க வந்து உங்க ஆளுங்க முன்னாடி கிளம்பாம மக்கர் பண்ணினா உனக்குத்தானே அசிங்கம்."

அவன் சொன்னது நிஜம். தங்கை தலைகுனியக் கூடாது என்றுதான் செய்தான். அதற்காக அவனைத் திட்டவும் அவளால் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வந்தாள்.

அன்றைக்கே, அணைக்கு மேலே இருக்கிற அண்ணன் வீட்டுக் கொல்லைப் படித்துறையைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். ஆற்றுக்குள் பொடிக் கண் வலையைத் திரை மாதிரி தொங்கவிட்டார்கள். மேல் ஆற்றில் இனிமேல் ஒரு படகும் ஓடக் கூடாது என்று உத்தரவு வந்தது. முங்குகிற ஆட்கள் இறங்கி, கல் கல்லாகக் கையால் தடவினார்கள். ஆனால் தண்ணீரில் குஞ்சு விழுந்திருந்தாலும் அது கண்ணில் படாது. ஒட்டிப் பிடித்து, கொஞ்சம் வளர வேண்டும். ஒரு மாதம் கழித்து மூக்கனைக் கொண்டு வந்து கரை முழுக்கத் தேடுவது என்று ஆபீசர் முடிவு செய்தார். ஒரு சிப்பி ஒட்டியிருந்தாலும் மேல் ஆறும் போயிற்று. போக்கினவன் யார் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

அந்த ஒரு மாதத்தில் அண்ணன் பாதியாகிவிட்டான். படகை நிறுத்தவேண்டி வந்த அக்கம்பக்கத்து ஆட்கள் அவனை ஒன்றும் சொல்லவில்லை. பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். கொல்லைக் கதவை அண்ணி பூட்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டாள், இல்லாவிட்டால் விடிய விடியப் போய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்று. காலையில் தங்கைக்குப் போன் வரும். "ஏதாவது தெரிஞ்சுதா?" "இல்லண்ணா." வைத்துவிட்டுக் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வரும். பயந்தாங்கொள்ளி என்று அவன் கூப்பிடுவது தானாக நின்றுபோனதை அவள் கவனித்தாள். அது அவளுக்குச் சந்தோஷமாக இல்லை.

தேடுகிற நாள் வந்தது. அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையில் இறங்கினாள். பத்தடி போவதற்குள் மணி நின்றது. முங்குகிறவர் இறங்கித் தடவினார், ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் நடந்தாள், மறுபடியும் நின்றது. ஒன்றும் இல்லை. கை வேர்த்துக் கயிறு வழுக்கியது. ஆபீசர் "கொடுங்க" என்று வாங்கிக்கொண்டார். அவருக்கும் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் அது. மூக்கன் அவர் முகத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு மரியாதையாக உட்கார்ந்தான். அண்ணனால் பொறுக்க முடியவில்லை. "நான் பிடிக்கிறேன், நான்தானே இறக்கினேன்" என்று கயிற்றைப் பிடுங்காத குறையாக வாங்கி நடந்தான். படகை இறக்கிய அதே படிக்கு வந்தான். மணி நின்றது.

 முங்குகிறவர் வெகுநேரம் தடவினார். மேலே வந்து தலையை ஆட்டினார், இல்லை என்று.

"அது உன் பயம்ணா" என்றாள் அவள். "கயிறு வழியா இறங்கிடுச்சு."

அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. ஆபீசரிடம் போனாள். "சார், பயமே இல்லாத ஒரு ஆள் பிடிச்சா அவன் சரியாச் சொல்லுவான்."

"அப்படி யாரும்மா இருக்கா இன்னிக்கு?"

"எங்க வீட்டுக்காரர் துணைக்கு வந்துட்டு வெளியில பஸ்ஸுல தூங்கிட்டு இருக்கார் சார்."

ஆபீசர் கொஞ்சம் யோசித்தார். சிரிக்கவில்லை. செத்த சிப்பி போட்ட ஒரு ஓட்டை டப்பாவை எடுத்துக்கொண்டு, எல்லாரையும் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, கரையில் எங்கோ மறைத்து வைத்துவிட்டு வந்தார். நாய் நிஜமாகத்தான் சொல்கிறது என்பதற்கு அது சாட்சி. எங்கே வைத்தார் என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்த அவரும் வண்டிக்குள் போய் ஏறி, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கணவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்தார். கயிற்றை வாங்கினார். "வாடா" என்றார் மூக்கனிடம், கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிற மாதிரி.

அவளும் அண்ணனும் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொல்லைச் சுவர் ஓரமாக உட்கார்ந்தார்கள். அண்ணன் தலை திரும்பியது. "திரும்பாதே" என்றாள். "நம்ம மூஞ்சியைப் பாத்தா படிச்சிடுவான்."

மணி கிணுகிணு என்று போயிற்று. தூரத்தில் கணவர் ஏதோ முணுமுணுப்பாகப் பாடுவது கேட்டது. மணி போய்க்கொண்டே இருந்தது. படித்துறைப் பக்கம் வந்தது. படியைத் தாண்டியது. அவள் ஒரு மூச்சை விட்டாள், அடுத்த மூச்சு எடுப்பதற்குள் மணி நின்றது.

அண்ணன் அவள் கையைப் பிடித்தான். பிடித்த பிடியில் அவள் வளையல் நெளிந்தது. 

"இங்க ஒரு டப்பா கிடக்கு" என்று கணவர் குரல் கேட்டது. "இதுதானா?"

"அதேதான்" என்று வண்டிக்குள்ளிருந்து ஆபீசர் கத்தினார். "பந்தைக் கொடுத்துட்டு நடங்க."

மணி மறுபடியும் கிளம்பியது. அண்ணனுக்குச் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. கையை விடாமல், சுவரைப் பார்த்தபடி கேட்டான்.

"உனக்கு ஒவ்வொரு படகுக்கும் இப்படித்தானா?"

"ஆமாண்ணா."

"சின்ன வயசுலேருந்தா?"

"ஆமா."

 மணி வலைத் திரையைத் தாண்டி, கயிறு கட்டிய எல்லை வரை போய், அங்கிருந்து திரும்பி அவர்கள் முதுகுக்குப் பின்னால் வருகிற வரை நிற்கவே இல்லை.

"ஒண்ணும் இல்ல. முடிஞ்சுது" என்றார் கணவர். மூக்கன் வாயில் சிவப்புப் பந்தோடு வந்து அவள் மேல் விழுந்தான். ஆபீசர் வண்டியிலிருந்து இறங்கி வந்து, இந்த மாதத்துக்குச் சிப்பி ஒன்றும் இல்லை, அடுத்த மாதம் திரும்பப் பார்க்க வேண்டும், அதற்கடுத்த மாதமும், ஒரு வருஷம் போகட்டும், அப்புறம்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். மூக்கனை எங்கேயும் அனுப்பப் போவதில்லை என்றும், கயிறு பிடிக்க மட்டும் வேறு ஆள் பார்க்கலாம் என்றும், அவளைப் பார்க்காமல் சொன்னார். அவள் சரி என்றாள்.

அண்ணன் அப்போதுதான் எழுந்தான். முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"அடுத்த மாசமும் நான் இங்கயே வந்து உக்கார்றேன்" என்றான். "திரும்பி உக்கார உனக்கும் ஒரு துணை வேணும்ல."